ஹால்ல பாடம் எடுத்தது போதும், ஊத்துக்கு வாங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

கொஞ்ச நாள் முன்ன உங்க பேப்பர்ல ஒரு ஃபோட்டோ பாத்தேன். மலைக்கிராமத்துல நீர் பாதுகாப்பு விழிப்புணர்வு முகாம்னு போட்டு, பின்னாடி பேனர், முன்னாடி பிளாஸ்டிக் சேர்ல பொம்பளைங்க வரிசையா, ஆளுக்கொரு தண்ணி பாட்டில் கையில. நானும் ஏற்காடு மலைதாங்க, மலையாளி சனம், கேரளாக்காரங்க இல்லைங்க, இந்த மலைப் பழங்குடி, மகளிர் குழுவுல இருக்கேன், இந்த மாதிரி முகாம்ல அதே சேர்ல உக்காந்து அதே பாட்டில் தண்ணியக் குடிச்சிட்டு எந்திரிச்சு வந்தவதான், அதனால இதைப் பத்தி நாலு வார்த்தை எழுதலாம்னு தோணுச்சு. ஊர் பேரு போடலைங்க, அறுபது சொச்சம் ஊரு இருக்கற மலையில பேரப் போட்டா மறுநாளே யாரு எவருன்னு தெரிஞ்சிரும், அப்பறம் ஆபீஸ் பக்கம் தலை காட்ட முடியாது.

நான் சொல்ல வர்றது இதுதான். தண்ணிய எப்படிக் காப்பாத்தறதுன்னு எங்களுக்கு சொல்லித் தர்றதா இருந்தா ஊத்துக்கிட்ட வந்து சொல்லித் தாங்க, ஒரு நாள் கூத்தா முடிச்சிட்டுப் போகாம ஊருக்கு ஒருத்தியை ஒழுங்காப் பழக்கி அவ கையில சாமானையும் குடுத்து மாசா மாசம் சம்பளமும் குடுங்க. இது இல்லாம நடக்கற எல்லாமே ஃபோட்டோவுக்குத்தான்.

அந்த ஹால் முகாம் எப்படி நடக்கும்னு சொல்றேன் கேளுங்க. கீழ சேலத்துல இருந்து வண்டி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி பதினொரு மணிக்கு மேலதான் வரும், எங்களை ஒம்பதுக்கே வரச் சொல்லிருப்பாங்க, அன்னிக்கு எஸ்டேட் கூலி போச்சு. புரொஜெக்டர் போடுவாங்க, கரண்ட் போகும், வரும். "பல் தேய்க்கறப்ப குழாயை மூடி வையுங்க, ஷவர்ல குளிக்காதீங்க, கார் கழுவறதுக்கு பக்கெட் யூஸ் பண்ணுங்க"ன்னு ஒரு சார் சொன்னாரு, பின்னாடி உக்காந்திருந்த எங்க பெரியாயா ஒருத்தங்க சத்தமாவே கேட்டாங்க, "ஏனுங்க சாமி, எங்கூர்ல பைப்புல தண்ணி வர்றதே எப்பவோ ஒருக்கா, அதுல எதைங்க மூடறது?"ன்னு. எல்லாரும் சிரிச்சோம், சாரும் சிரிச்சாரு, நல்ல மனுசன்தான் பாவம், சேலம் டவுன் ஸ்கூலுக்கு தயார் பண்ணுனதை அப்படியே பென் டிரைவ்ல எடுத்துட்டு வந்துட்டாரு. சித்திரை வைகாசியில ஒரு குடம் தண்ணிக்கு பள்ளத்துல இறங்கி மேடு ஏறுறவளுக்கு சிக்கனம்னா என்னன்னு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்லைங்க. எங்களுக்குத் தெரிய வேண்டியது வேற, அந்தக் குடத்துல இருக்கறது நல்ல தண்ணியா இல்லையா, அந்த ஊத்து ஏன் முன்ன மாதிரி ஊறலை, இந்த ரெண்டு கேள்விதான், ரெண்டுக்கும் ஹால்ல பதில் கிடையாது.

நல்லா சொல்லிக் குடுத்ததையும் பாத்திருக்கேன், அதையும் சொல்லணும்ல. 2019 ஆகஸ்ட் 15-ல ஜல் ஜீவன் திட்டம் அறிவிச்சாங்களே, அதுல ஊருக்கு 5 பொம்பளைங்களுக்கு தண்ணி டெஸ்ட் பண்ணப் பழக்கணும்னு இருக்குது, எங்கூர்ல எடுத்த ஆளுங்கள்ல நானும் ஒருத்தி. மொத ட்ரெய்னிங் வழக்கம் போல ஹால்லதான். ஆனா ரெண்டாவது தடவை வந்த பொண்ணு லேப்ல வேலை பாக்கற பொண்ணாம், சின்ன வயசு, "அக்கா இங்க உக்காந்து என்ன பண்றது, கெணத்துக்குப் போலாம் வாங்க"ன்னு எங்களைக் கூட்டிட்டு நேரா கெளம்பிருச்சு. டெஸ்ட் பெட்டியத் தொறந்து, குழாய்த் தண்ணியில குளோரினுக்கு சொட்டு மருந்து விட்டா தண்ணி எவ்வளவு மஞ்சளாகுதுன்னு கலர் அட்டையோட வெச்சு பாக்கச் சொன்னுச்சு, கொஞ்சங்கூட மஞ்சள் வரலை, அப்பன்னா தொட்டியில பிளீச்சிங் பவுடர் போடலை, இல்லைன்னா போட்டது பத்தலைன்னு அர்த்தம், குழாய்க் கடைசியில லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது நிக்கணுமாம். ஃபுளோரைடுக்கு வேற மருந்து, ரோஸ் கலர் மாறி மஞ்சளாப் போனா ஃபுளோரைடு ஜாஸ்தி, 1.5-க்கு மேல போனா குடிக்கக் கூடாது, தருமபுரிப் பக்கம் பல்லெல்லாம் காவி ஏறிப்போச்சே அது இதுனாலதான்னு சொன்னுச்சு.

ஆனா ஊரையே கூட்டுனது அந்த எச்.டூ.எஸ் பாட்டில்தாங்க. சின்ன கண்ணாடி பாட்டில், உள்ள மருந்து தடவுன காகிதம், கோடு வரைக்கும் தண்ணிய ஊத்தி மூடி வெச்சா, கக்கூஸ் கிருமி கலந்த தண்ணியா இருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல கருப்பாயிரும். அந்தப் பொண்ணு ஒரு பாட்டில்ல ஊத்துத் தண்ணிய நேரா புடிச்சுது, இன்னொண்ணுல எங்க வீட்டு அண்டாவுல இருந்து எடுத்துச்சு, ரெண்டும் ஒரே ஊத்துத் தண்ணிதான், காலையில நானே எடுத்துட்டு வந்தது. மார்கழி மாசம், எங்க மலைக் குளுருல அந்த மருந்து சட்டுன்னு வேலை செய்யாதாம், கதகதப்பு வேணுமாம், அதனால ரெண்டையும் துணியில சுத்தி அடுப்பு ஓரத்துல வெச்சோம், எங்க மாமியார் ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தாங்க. மறுநா சாயங்காலம் பாத்தா ஊத்து பாட்டில் அப்படியே தெளிவா இருக்குது, அண்டாத் தண்ணி பாட்டில் கன்னங்கரேல்னு. தண்ணி ஊத்துல கெடலை, வீட்டுல சொம்பு முங்க கையை விட்டு மொள்றோமே அதுல கெட்டிருக்குது. அன்னியில இருந்து எங்க வீட்டுல நீளக் கைப்பிடி வெச்ச மக்குல தவிர யாரும் அண்டாவுல கை விடக் கூடாது, மாமியார் போட்ட சட்டம், பக்கத்து வீட்டுக்காரங்களும் வந்து பாத்துட்டுப் போய் அதையே பண்ணுனாங்க. கைய சோப்புப் போட்டுக் கழுவுங்கன்னு எத்தனை பேனர் பாத்திருப்போம், அந்த ஒரு கருப்பு பாட்டில் செஞ்சதை எதுவும் செய்யலை.

சரி அப்பறம் என்னாச்சு? அந்தப் பொண்ணு வேற ஊருக்குப் போயிருச்சு. பெட்டி ஆபீஸ் பீரோவுல, சாவி ஒருத்தர்கிட்ட, அவரு லீவு. கேட்டா "சாமான் காணாமப் போயிரும்மா, கவர்மெண்ட் ஐட்டம்"ங்கறாங்க. மருந்துக்கெல்லாம் எக்ஸ்பைரி தேதி உண்டுங்க, பீரோவுல இருந்தாலும் அது பாட்டுக்கு முடிஞ்சிரும். மழை ஆரம்பிக்கறப்பதான் தண்ணி ரொம்பக் கெடும், மொத ரெண்டு மழைக்கு மேட்டுல இருக்கறதெல்லாம் அடிச்சிட்டு வந்து கெணத்துல சேருமே அப்பதான் டெஸ்ட் பண்ணணும், அந்த நேரம் பாத்து பெட்டி பூட்டிக் கெடக்குது. பெட்டி எங்க வீட்டுல இருந்தா யாருங்க தூக்கிட்டுப் போகப் போறா, அதைக் கொண்டு போய் என்ன செய்யறது, ரசமா வைக்கறது? டெஸ்ட் பண்ணி எழுதி வைக்கறதுக்கு ஒரு நோட்டு, ரேஷன் கடைச் சுவத்துல ஒட்டறதுக்கு ஒரு பேப்பர், அதுக்கு அரை நாள் கூலி, அவ்ளோதான் கேக்கறேன். சம்பளம்னு பேச்சு எடுத்தாலே "சேவை மனப்பான்மை வேணும்மா"ங்கறாங்க. பேனர் அடிக்கறவரு சேவை மனப்பான்மையிலயா அடிக்கறாரு?

ஊத்து விஷயத்துக்கு வர்றேன், அது கொஞ்சம் பெரிய கதை. எங்க மலைக்கு வருசத்துக்கு 1,500 மி.மீ. பக்கமா மழை பெய்யுது, கீழ சேலத்துக்கு அவ்வளவு கெடையாது, ஆனாலும் கோடையில எங்களுக்குத்தான் தண்ணிப் பஞ்சம். ஏன்னா அடியில பூரா சார்னோகைட்டுன்னு கருங்கல்லு, தண்ணி அதுக்குள்ள லேசுல இறங்காது, மேல இருக்கற செம்மண்ணும் உளுத்துப்போன கல்லும்தான் மழையப் புடிச்சு வெச்சிருந்து கொஞ்சம் கொஞ்சமா சரிவுல விடும், அந்தத் தண்ணி கல்லு தட்டி வெளிய வர்ற எடம்தான் ஊத்து. அப்ப ஊத்தைக் காப்பாத்தணும்னா ஊத்தைச் சுத்தி சிமெண்ட் தொட்டி கட்டி பெயிண்ட் அடிச்சு பேரு எழுதிட்டாப் பத்தாது, அதுக்கு மேல எங்க மழை இறங்குதோ அந்த மேட்டைக் காப்பாத்தணும். சில சமயம் அந்த மேடு ஊத்துல இருந்து ரொம்ப தூரம் தள்ளி இருக்கும், யாரோ ஒருத்தரு எஸ்டேட்டுக்குள்ள இருக்கும், இல்ல புதுசா பிளாட்டு போட்ட எடத்துல இருக்கும். மலை உச்சி மேட்டுல ஒரு காலத்துல அலுமினியத்துக்காக பாக்சைட்டு தோண்டுனாங்க, அந்தச் செவப்புக் கல்லு மழைத் தண்ணியக் குடிச்சு வெச்சுக்கற கல்லு, அதை வழிச்சு எடுத்துட்டா கீழ ஊத்து என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இதெல்லாம் எங்க ஆயாவுக்கு வேற மாதிரி தெரியும். ஊத்துத் தலையில நிக்கற நாவ மரம், அத்தி மரத்துல கத்தி வைக்கக் கூடாது, அங்க ஆடு மாடு விடக் கூடாது, தண்ணிக்குப் போறப்ப செருப்பைக் கழட்டிட்டுப் போகணும், எல்லாம் சாமி பேரைச் சொல்லித்தான். எங்க சேர்வராயன் கோயில் கொகையில சாமி கூடவே காவேரி அம்மன் இருக்கறா, அந்தக் கொகை காவேரி வரைக்கும் போகுதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. கொகை போகுதோ இல்லையோ தண்ணி போகுதுங்க. திருமணிமுத்தாறும் சரபங்காவும் எங்க மலையில பொறந்து கடைசியில காவேரியிலதான் போய்ச் சேருது, வாணியாறு அந்தப் பக்கம் எறங்கி தென்பெண்ணைக்குப் போகுது. முகாமுக்கு வர்ற சார்மாருங்க ஒருத்தராவது எங்க ஆயாகிட்ட "நீங்க என்ன செய்வீங்க ஆயா"ன்னு கேட்டாங்களா, கேக்கலை. அதைக் கேட்டுட்டு, அதோட இந்தக் கல்லு மண்ணு கதையையும் சேத்து சொன்னா எவ்வளவு சட்டுன்னு புரியும். பள்ளிக்கூடத்துல எங்க பையன் நீர்ச் சுழற்சி படம் அம்புக்குறி போட்டு அழகா வரையறான், கடல், மேகம், மலை, எல்லாம் இருக்குது, நம்மூரு ஊத்துக்கு தண்ணி எந்த மேட்டுல இருந்து வருதுடான்னு கேட்டா முழிக்கறான். அதை அவன் தப்புன்னு எப்படிச் சொல்றது. ஒரு குடத்தை ஊத்துக் குழாய்க்கு அடியில வெச்சு ரொம்பறதுக்கு எத்தனை செகண்டு ஆகுதுன்னு ஃபோன்ல பாத்து மாசா மாசம் எழுதச் சொல்லுங்க, ரெண்டு வருசத்துல அந்தப் புள்ளைங்களுக்கு ஊத்தைப் பத்தி ஆபீசருங்களை விட ஜாஸ்தி தெரிஞ்சிரும்.

சிக்கிம்ல இதைச் செஞ்சிருக்காங்கங்க. தாரா விகாஸ்னு பேரு, 2008-ல ஆரம்பிச்சது, ஊத்துக்கு மேல எந்தச் சரிவுல மழை இறங்குதுன்னு உள்ளூர் ஆளுங்களையே பழக்கி கண்டுபிடிக்க வெச்சு, அங்க குழி வெட்டி மழையை நிறுத்துனாங்க, கூலி நூறு நாள் வேலையில குடுத்தாங்க, வத்துன ஊத்து சிலது திரும்ப ஊறுச்சு. இமயமலைப் பக்கம் வருசம் பூரா ஊறுன ஊத்துல பாதிக்குப் பக்கமா வத்திப்போச்சு இல்லைன்னா மழைக்கு மட்டும் ஊறுதுன்னு நிதி ஆயோக் 2018-ல அறிக்கை போட்டிருக்குது. நம்ம கிழக்குத் தொடர்ச்சி மலை ஊத்தையெல்லாம் அப்படி உக்காந்து எண்ணுனவங்க யாரும் எங்க ஊருப் பக்கம் வரலை.

கனடாவுல ஆதிக்குடிங்க கதையையும் ஃபோன்ல படிச்சேன், படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரலை. ஷோல் லேக் 40-ன்னு ஒரு ஊரு, அந்த ஏரித் தண்ணியத்தான் 1919-ல இருந்து வின்னிபெக் சிட்டிக்கு கால்வாய்ல கொண்டு போறாங்க, அந்தக் கால்வாய் வேலையில அந்த ஊரு தீவு மாதிரி தனியாப் போயிருச்சு, சிட்டி சனம் நல்ல தண்ணி குடிக்குது, ஏரிக்கரையில இருக்கற அந்த ஊருக்காரங்க 1997-ல இருந்து 2021 வரைக்கும் தண்ணியக் காய்ச்சித்தான் குடிக்கணும்னு உத்தரவு. நெஸ்கன்டாகான்னு இன்னொரு ஊரு, அங்க 1995-ல போட்ட காய்ச்சிக் குடிங்கற உத்தரவு 30 வருசம் ஆகியும் எடுக்கலை, இத்தனைக்கும் தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்டு கட்டிக் குடுத்திருந்தாங்க, அது ஒழுங்கா ஓடலை. பணக்கார நாடுங்க அது. ஆனா அவங்ககிட்ட ஒரு நல்ல விஷயமும் இருக்குது, சர்க்யூட் ரைடர்னு ஒரு ட்ரெய்னிங், சொல்லித் தர்றவங்க ஊரு ஊரா சுத்தி வர்றாங்க, ஆபரேட்டர் வேலை பாக்கற அதே பிளான்ட்டுல அவரு மிஷின் பக்கத்துலயே நின்னு பழக்கறாங்க, நடுராத்திரி ரிப்பேர்னாலும் ஃபோன் பண்ணி கேக்கலாம். அப்பறம் ஜோசபின் மாண்டமின்னு ஒரு ஆயா, அனிஷினாபேங்கற ஆதிக்குடி சனம், செம்பு வாளியில தண்ணியத் தூக்கிட்டு 2003-ல இருந்து அந்தப் பெரிய பெரிய ஏரியெல்லாம் சுத்தி நடந்தாங்க, அவங்க சனத்துல தண்ணியப் பாத்துக்கறது பொம்பளைங்க பொறுப்பாம். அவங்க தங்கச்சி வழிப் பேத்தியோ யாரோ, ஆட்டம் பெல்டியர்னு ஒரு சின்னப் புள்ள, அதுதான் அப்பறம் ஐ.நா. சபையில போய் தண்ணிக்காகப் பேசுச்சு. எங்க டேங்க் ஆபரேட்டர் அண்ணனுக்கு பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்னு யாரும் அளந்து காட்டுனதே இல்லைங்க, மூட்டையில இருந்து கையால அள்ளிப் போடறாரு, ஒரு நாள் மூக்கைப் பிடுங்குது, பத்து நாள் ஒண்ணுமே இருக்காது.

இன்னொண்ணு, இதை எழுதாம விட்டா எனக்கு மனசு ஆறாது. தண்ணிய காப்பாத்தச் சொல்லி எப்பவும் எங்களுக்கேதான் பாடம். எங்க கக்கூஸ் குழி கெணத்துக்கு மேட்டுப் பக்கமா இருக்கக் கூடாது, மருந்தடிச்ச டேங்கை ஓடையில கழுவக் கூடாது, காபிக்கு மயில்துத்தம் சுண்ணாம்பு கலக்கறதை ஊத்துக்கிட்ட வெச்சு கலக்கக் கூடாது, சரி, இதெல்லாம் நாங்க கத்துக்க வேண்டியதுதான், இல்லைங்கலை. ஆனா ஏற்காடு ஏரியில டவுன் கழிவுத் தண்ணி கலக்குதுன்னு செய்தி எத்தனை தடவை வந்திருச்சு, அந்த ஏரி ரொம்பி வழியறதுதான் கிளியூர் அருவிக்குப் போகுது, கீழ சனம் போய் தலையக் காட்டி குளிக்குது. லாட்ஜு, ரிசார்ட்டுக்காரங்களுக்கு எப்பவாவது இப்படி சேர் போட்டு உக்கார வெச்சு புரொஜெக்டர் போட்டிருக்காங்களா? ஷவர்ல குளிக்காதீங்க, கார் கழுவாதீங்கன்னு அந்த சார் சொன்னது பூரா அவங்களுக்குப் பொருந்தும், அவரு ஹால் மாறி வந்துட்டாருன்னுதான் நான் நெனைக்கறேன். மே மாசம் கோடை விழாவுக்கு கூட்டம் கூடறப்ப எங்கூரு பள்ளத்துக் கெணத்துத் தண்ணி பிக்கப் வண்டியில டேங்க் டேங்கா ஏறி ரோட்டு மேல போகுது, அதே வாரம் நாங்க குடத்தோட வரிசையில நிக்கறோம்.

காபி எஸ்டேட்டு விஷயமும் அப்படித்தான். இந்த மலையில காபி வந்து ரெண்டு நூறு வருசம் ஆச்சு, காக்பர்ன்னு ஒரு கலெக்டர் கொண்டாந்தது, எங்களுக்கு அதுதான் சோறு, அதைக் குறை சொல்லலை. ஆனா பழம் அரைக்கற சீசன்ல தோல் உரிச்ச தண்ணிய அப்படியே ஓடையில தொறந்து விடறவங்க இருக்காங்க. பழுப்புக் கலர்ல நுரை கட்டி வரும், புளிச்ச நாத்தம், கையில பட்டா பிசுபிசுன்னு இருக்கும், ரெண்டு நாள்ல தவளைச் சத்தம் நின்னு போகும், ஏன்னா அந்தச் சக்கை அழுகறப்ப தண்ணியில இருக்கற ஆக்சிஜனை எல்லாம் இழுத்துக்குது. குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு நிறுத்தி வெச்சுட்டு அப்பறம் தோட்டத்துக்கே பாய்ச்சலாம், சில எஸ்டேட்டுல ஒழுங்கா செய்யறாங்க. செய்யாதவங்களுக்கு யாரு கிளாஸ் எடுக்கறது? நாங்க சொன்னா வேலை போயிரும்.

அதனால ஐயா, இதைப் போடறதா இருந்தா ஒரு வேண்டுகோளையும் சேத்துப் போடுங்க. ஊருக்கு ஒருத்திக்கு வேலை உத்தரவு, பெட்டி அவ வீட்டுல, மருந்து தீர்ந்தா கேக்காமயே வரணும், டெஸ்ட்டுல கருப்பு வந்தா யாருக்கு ஃபோன் பண்ணணும்னு ஒரு நம்பர், அந்த நம்பரை எடுக்கறதுக்கு ஒரு ஆளு. ஹாலை லாட்ஜுக்காரங்களுக்கும் காபிப் பழம் அரைக்கற பல்பிங் யூனிட்டுக்காரங்களுக்கும் குடுத்துருங்க, எங்களுக்கு வேண்டாம். உங்க நிருபர் யாரையாவது டிசம்பர் கடைசியில பழம் அரைக்கற நேரமாப் பாத்து அனுப்பி வையுங்க, நானே ஓடைக்குக் கூட்டிட்டுப் போறேன், கேமராவோட ஒரு கர்ச்சீப்பும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

இப்படிக்கு,
மகளிர் குழு வாசகி ஒருத்தி,
சேர்வராயன் மலை, ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.